ரசமட்டத்தின் உள்ளங்கை

என் தம்பியை எங்கள் பக்கத்தில் எல்லாரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரில் ஒரு கம்பி நேராக இருக்கிறதா என்று பார்க்க, மற்றவர்கள் ரசமட்டத்தை அதன்மேல் வைத்து, உள்ளே ஓடும் குமிழி நடுவில் நிற்கிறதா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார்கள். இவனுக்கு அதெல்லாம் வேண்டாம். வாசல்படியில் நின்றுகொண்டே, "இடது பக்கம் அரை விரல் இறங்கியிருக்கு" என்பான். வைத்துப் பார்த்தால் அரை விரல்தான் இறங்கியிருக்கும். வீட்டுக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணைப் பார்த்திருந்தா இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பே" என்று நான் சொல்வேன். அவன் கட்டிக்கொண்டது டிரில் மெஷினைத்தான். அவனுக்கு வயது ஐம்பத்தொன்று. எனக்கு ஆறு கூட.

நாங்கள் திரைச்சீலைக்காரர்கள். ஜன்னலுக்கு அளவெடுப்பது அவன். துணி வெட்டுவதும் தைப்பதும் நான். திரை தொங்குகிற கம்பியைச் சுவரில் பொருத்துவது அவன். எல்லாம் முடிந்த பிறகு, "மடிப்பு சரியில்லையே" என்று வீட்டுக்காரம்மா முகத்தைச் சுளித்தால் திட்டு வாங்குவதும் நான்தான். அந்த நேரத்தில் இவன் ஏணியை மடக்குகிற சாக்கில் வெளியே போய்விடுவான். என் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, கீழ் அறையில் என் தையல் மெஷினும் மேல் அறையில் இவனுமாக எங்கள் குடித்தனம் ஓடியது. சண்டை போடாத நாள் கிடையாது. சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்த நாளும் கிடையாது.

சுவரில் துளை போடுவது ஒரு வேலையா என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன. ஆனால் சுவர் என்பது வெளியிலிருந்து உள்ளே வரை ஒரே பொருள் இல்லை. முதலில் பூச்சு. அதற்குப் பின்னால் செங்கல். ஜன்னலுக்கு மேலே போனால் கான்கிரீட். வெறும் பூச்சில் திருகாணியை நிறுத்திவிட்டு வந்தால் ஒரே மாதத்தில் திரை கம்பியோடு தலையில் விழும். துளை எதற்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்து, அதற்கேற்றபடி அழுத்த வேண்டும், அதற்கேற்றபடி நிறுத்த வேண்டும். தம்பிக்கு இது உள்ளங்கையில் தெரியும். ஏணியின் மேல் நின்று மெஷினை அழுத்தும்போதே "பூச்சு" என்பான். அடுத்த மூச்சில் "செங்கல்" என்பான்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பழைய செய்தித்தாளை ஏந்திக்கொண்டு நான் நிற்பேன். தரை பாழாகாமல் இருக்க, தூசியைத் தாளில் பிடிக்க வேண்டும். பூச்சின் தூசி வெள்ளை, செங்கல்லின் தூசி சிவப்பு, கான்கிரீட்டின் தூசி சாம்பல். நான் கீழேயிருந்து, "என்னடா போகுது?" என்று கத்துவேன். அவன் பதில் சொல்வான். அவன் சொன்ன பிறகுதான் என் தாளில் நிறம் மாறும். இது எங்களுக்குள் ஒரு பந்தயம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தூசி அவனை முந்தியதில்லை.

போன வருஷம் முந்தியது.

நாலு ஜன்னல் வேலை. மூன்றாவது ஜன்னலில் தாள் சிவந்துபோய்க் கிடக்கிறது, மேலேயிருந்து சத்தமே இல்லை. "என்னடா, ஏணியிலேயே தூங்கிட்டியா?" என்று கேட்டேன். "செங்கல், செங்கல்" என்று அவசரமாகச் சொன்னான். ரசமட்டத்துக்கு வயதாகிவிட்டது என்று அன்று முழுவதும் அவனைக் கிண்டல் செய்தேன். அவனும் சிரித்தான். நான் ஒரு மடச்சி. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அதற்கும் முன்பே அடையாளங்கள் இருந்தன. காலையில் பல் துலக்கும்போது அவன் விரல் நுனிகள் சுண்ணாம்பு போல வெளுத்துப் போகும். கையை உதறி உதறி, கக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொள்வான். கேட்டால், "ரத்தம் மெதுவா ஓடுது, எனக்கு என்ன அவசரம், அது மெதுவாவே ஓடட்டும்" என்பான். பட்டன் வைத்த சட்டையை விட்டுவிட்டுத் தலை வழியாக மாட்டும் பனியனுக்கு மாறினான். ஏன் மாறினான் என்று நான் யோசிக்கவே இல்லை. துணியிலேயே பிறந்து துணியிலேயே கிடக்கிற தையல்காரி நான், என் வீட்டு ஆண்பிள்ளைக்குப் பட்டன் போட வரவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

பிறகு ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வீட்டில் கம்பி விழுந்தது. நாங்கள் மாட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்த அம்மா சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, திரை, கம்பி, பிடிமானம், பூச்சு எல்லாம் சேர்ந்து மேஜை மேல் விழுந்தன. யாருக்கும் அடி இல்லை. நான் போய்ப் பார்த்தேன். துளை சரியான இடத்தில்தான் இருந்தது. அதற்குள் சொருகுகிற பிளாஸ்டிக் பிளக்தான் நைந்து கூழாகியிருந்தது. திருகாணி இறுகியதும் கையில் ஒரு எதிர்ப்பு தெரியும், அங்கே மெஷினின் விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். இவன் எடுக்கவில்லை. அது உள்ளேயே சுற்றோ சுற்றென்று சுற்றியிருக்கிறது. ஆசிரியை ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "அந்தம்மா திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்க்கா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் பொறுமையான மனிதர். சுத்தியல் போல அடித்துக்கொண்டே சுற்றுகிற டிரில்லை இத்தனை வருஷம் பிடித்ததில், அந்த அதிர்வு கையின் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது என்றார். தம்பியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு ஊசி முனையால் அவன் கையை அங்கங்கே தொட்டார். தொட்டது தெரிந்தால் "ம்" என்று சொல்ல வேண்டும். விரல் நுனிகளில் தொட்டபோது சத்தமே இல்லை. உள்ளங்கைக்கு வந்தபோது ஒவ்வொரு தொடலுக்கும் "ம்... ம்..." என்றான். அவன் இமை படபடவென்று துடித்தது. ஊசிக்குப் பயப்படுகிறான் என்று நினைத்து எனக்குச் சிரிப்புகூட வந்தது.

"விரல் போனது போனதுதான். உள்ளங்கை இருக்கு, அது வரைக்கும் நல்லது" என்றார் மருத்துவர். "எட்டு மாசம் மெஷினைத் தொடாதீங்க. அப்புறம் அதிர்வு ரொம்பக் குறைவா இருக்கற மெஷினா பார்த்து வாங்கி, ஒரு நாளைக்கு நாலஞ்சு துளை போடலாம். ஆனா ஒண்ணு. உள்ளங்கையும் மரத்துப்போச்சுன்னா, அதோட இந்த வேலையை மறந்துடணும். திரும்ப வராது. மருந்து, மாத்திரை, அறுவை எதுலயும் வராது."

அந்த எட்டு மாசத்தை எப்படிச் சொல்வது. வேறு ஆட்களை வைத்துக் கம்பி பொருத்தினோம். இவன் வாசலில் நின்று, "அரை விரல் இறங்குது" என்பான். வந்தவன் எரிந்து விழுவான். ஒருவன், "நீங்களே வந்து மாட்டுங்களேன்" என்று மெஷினை நீட்டினான். தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அந்த ஆள் அடுத்த வேலைக்கு அவனே நேராக அந்த வீட்டுக்குப் போனான், தைப்பதற்கு அவனுக்கென்று ஒருத்தி இருந்தாள். இப்படி ஒவ்வொரு வீடாகக் கைநழுவியது. தம்பி மேல் அறையில் பழைய மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பதும், காலண்டரில் நாளைக் கிழிப்பதுமாக இருந்தான். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூட என்னோடு சண்டைக்கு வரவில்லை. நானாக வம்புக்கு இழுத்தாலும், "சரிக்கா" என்று எழுந்து போய்விடுவான். எனக்குப் பொறுக்காதது அந்தச் 'சரிக்கா'தான்.

எட்டு மாசம் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு ஹார்டுவேர் கடை திறக்கும்போது நாங்கள் வாசலில் நின்றோம்.

மெஷின்கள் பகுதியில் இருந்தது ஒரு நடுத்தர வயதுப் பெண். கழுத்தில் கயிறு கட்டிக் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தாள். தம்பி அவளைப் பார்த்ததும் என் காதில், "வேற ஆள் இல்லையா?" என்று முணுமுணுத்தான். "ஏன், நான் இருபத்தாறு வருஷமா உன் ஏணியைப் பிடிக்கலையா? வாயை மூடிக்கிட்டு வா" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"ஒயர் இல்லாதது வேணும். எத்தனை வோல்ட் வாங்கலாம்?" என்று தம்பி கேட்டான்.

"வோல்ட்டை அப்புறம் பார்ப்போம்ண்ணே. எந்தச் சுவர்ல போடப் போறீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாள் கண்ணாடிக்காரி.

அந்த ஒரு கேள்வியில் தம்பி முகம் மாறிவிட்டது. தொழில் தெரிந்தவள் என்று புரிந்துகொண்டான். ஜன்னலுக்கு மேலே, திரைக்கம்பி, பாதி செங்கல், பாதி கான்கிரீட் என்று விவரமாகச் சொன்னான். நான் குறுக்கே புகுந்து மருத்துவர் சொன்னதையும் சொல்லிவிட்டேன். அவன் என்னை முறைத்தான். முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும்.

அவள் மூன்று மெஷின்களை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "இந்தச் சின்னது பன்னெண்டு வோல்ட். லேசு. அலமாரி, கதவுக் கீல், மரவேலை, இதுக்கெல்லாம் ராஜா. ஆனா இது வெறுமனே சுத்தும், அடிக்காது. கான்கிரீட்ல நுழையாது. மத்த ரெண்டும் பதினெட்டு வோல்ட், சுத்திக்கிட்டே அடிக்கும்."

"எட்டு மாசமா எனக்கும் அக்காவுக்கும் இருந்த வித்தியாசம் மாதிரி" என்றான் தம்பி. அவன் என்னைக் கேலி செய்து எத்தனை நாள் ஆயிற்று! எனக்குக் கண் கரித்தது. "அடிக்கறதை வீட்டுக்கு வா, காட்டறேன்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேட்டரியில் நாலு என்று போட்டிருந்தால் இரண்டு போட்டதைவிட நேரம் கூட நிற்கும், ஆனால் கனமும் கூட. கையைத் தலைக்கு மேல் தூக்கி வேலை செய்கிறவர்கள் சின்ன பேட்டரி இரண்டு வாங்கி, ஒன்றை மாட்டிக்கொண்டு ஒன்றைச் சார்ஜில் போடுவதுதான் நல்லது. நடுவில் இருந்த மெஷினின் மோட்டாருக்குள் தேய்கிற கார்பன் கிடையாது, அதனால் உழைப்பு அதிகம், சூடு குறைவு. பிறகு மெஷினின் கழுத்தில் எண்கள் போட்ட ஒரு வளையத்தைத் திருகிக் காட்டினாள். திருகாணி எந்த அளவு இறுகினால் போதும் என்று இதில் வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டக் டக்' என்று சத்தம் போட்டு மெஷின் தானாகவே சுற்றுவதை நிறுத்திக்கொள்ளும்.

தம்பி அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதெல்லாம் கை பழகாதவங்களுக்குன்னு நான் கேலி பண்ணியிருக்கேன்" என்றான் மெதுவாக. ஆசிரியை வீட்டுக் கம்பியைத்தான் நினைத்திருப்பான்.

"உங்களுக்கு முக்கியம் அதிர்வுதானேண்ணே?" என்றாள் அவள். "ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். அதுல அதிர்வு எவ்வளவுன்னு ஒரு எண் போட்டிருப்பான். யாரும் படிக்கறதில்ல. நீங்க அதைப் பார்த்துத்தான் வாங்கணும்."

"எண்ணைப் பார்த்து வாங்கறதுக்கு நான் எதுக்கும்மா நேர்ல வரணும்? என் கை சொல்லும்" என்றான் தம்பி.

இதில் எனக்கும் தப்பாக எதுவும் படவில்லை. நான்கூடத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்குவேன், முத்திரையைப் பார்த்து வாங்கமாட்டேன். எங்கள் மாதிரி ஆட்களுக்குக் கைதான் படிப்பு.

கடையின் பின்புறம், சோதித்துப் பார்ப்பதற்கென்றே இடுப்புயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர் கட்டி வைத்திருந்தார்கள். பாதி செங்கல், பாதி கான்கிரீட், மேலே ஒரே பூச்சு. எது எங்கே என்று பார்த்தால் தெரியாது. சுவர் முழுக்கச் சல்லடையாகத் துளைகள். சுவரை ஒட்டி ஒரு முக்காலி, அதன்மேல் திருகாணிகள் போட்ட கண்ணாடிப் புட்டி.

தம்பி சின்ன மெஷினை எடுத்தான். பூச்சில் புகுந்தது, அதற்குப் பின்னால் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. வைத்துவிட்டான். அடுத்தது கார்பன் இல்லாதது. அது கூரான குரலில் விர்ரென்று கத்தியது, ஆனால் ஒரே சீராக உள்ளே போயிற்று. தம்பி முகத்தைச் சுளித்தான்.

"ஐயோ, கையெல்லாம் கூசுது. இது வேணாம்."

கண்ணாடிக்காரி புருவத்தைத் தூக்கினாள். மூன்றாவதை அவன் எடுத்தான். பழைய மாடல், பெரிய உடம்பு, கனமான பேட்டரி. அதன் குரல் தாழ்வாக, தொண்டைக்குள்ளேயே உறுமுவதாக இருந்தது. சுவரில் வைத்து அழுத்தினான். முக்காலி மேல் இருந்த புட்டிக்குள் திருகாணிகள் சலசலவென்று துள்ள ஆரம்பித்தன. புட்டியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. நான் பாய்ந்து அதைப் பிடித்தேன். பிடித்த என் கை மணிக்கட்டு வரை நடுங்கியது. அப்போதுதான் தம்பி திரும்பி, எட்டு மாசமாக நான் பார்க்காத சிரிப்பைச் சிரித்தான்.

"அக்கா, இதுதான்க்கா! ஒரு அதிர்வும் இல்ல! பஞ்சைப் பிடிச்ச மாதிரி இருக்கு!"

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். "குடுடா இப்படி" என்று வாங்கி நானே அழுத்திப் பார்த்தேன். பல் கிட்டித்தது. முழங்கை வரை ஏறி எலும்பு வலித்தது. கீழே வைத்துவிட்டு நடுவில் இருந்ததை எடுத்தேன். அது கத்தியது, அவ்வளவுதான். என் தையல் மெஷினின் ஓட்டம் அளவுக்குத்தான் கையில் தெரிந்தது.

"அண்ணே, மாத்திச் சொல்றீங்களே" என்றாள் கண்ணாடிக்காரி, மிகவும் தணிவாக. இரண்டு புத்தகங்களையும் பிரித்து விரலை வைத்துக் காட்டினாள். அவன் பஞ்சு என்று சொன்னதன் எண், மற்றதைப் போல இரண்டு பங்குக்கு மேல் இருந்தது.

"புத்தகத்துல ஆயிரம் எழுதுவான்ம்மா. என் கை எனக்குப் பொய் சொல்லுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கையால் பார்க்கவே இல்லை. காதால் பார்த்துக்கொண்டிருந்தான். கூராகக் கத்துவது அவனுக்கு அதிர்வு, தாழ்வாக உறுமுவது அவனுக்கு அமைதி. அது அவனுக்கே தெரியாது. இருந்தாலும் என் மனம் ஒப்பவில்லை. பாவி மனம், இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றது. அவன் மறுபடி மெஷினை எடுத்துச் சுவரின் வேறொரு இடத்தில் வைத்தான். நான் பக்கத்தில் போய் நின்று, ஏணியின் கீழே நின்று கத்துகிற அதே குரலில் கத்தினேன்.

"என்னடா போகுது?"

அவனுக்கு ஒரே குஷி. என்னைப் பார்த்துக்கொண்டே, சுவரைப் பார்க்காமலே, "பூச்சு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "செங்கல்!" என்றான்.

கீழே விழுந்துகொண்டிருந்த தூசி சாம்பல் நிறம்.

அவன் குனிந்து பார்ப்பதற்குள் நான் என் செருப்புக் காலை அந்தத் தூசி மேல் வைத்தேன். "செங்கல்தான்டா" என்றேன். கண்ணாடிக்காரி என் காலையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். அவன் பெட்டியில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்க்கா, சொல்லிடுங்க. இது அவருக்கு விஷம்" என்றாள்.

"தெரியும்மா. பில் போடு."

ஏன் அப்படிச் சொன்னேன்? இந்த ஊருக்கே என் வாயைத் தெரியும். துணிக்கடை முதலாளியிலிருந்து தண்ணீர் லாரிக்காரன் வரை என் வாய்க்குப் பயப்படுவார்கள். அந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. எட்டு மாசம் கழித்துச் சிரிக்கிறவனிடம், நட்டநடுக் கடையில், உன் கை செத்துப்போய்விட்டது என்று எந்த அக்கா சொல்வாள்? நீங்கள் சொல்வீர்களா?

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு அவன் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். வலது கை பெட்டி மேல் மல்லாந்து கிடந்தது. இடது கையை ஆட்டி ஆட்டிப் பேசினான்.

"நாளைக்கே அந்த டீச்சரம்மா வீட்டுக்குப் போறோம்க்கா. இன்னும் மாட்டாம கிடக்கற அந்தக் கம்பியைச் சும்மாவே போட்டுக் குடுக்கறோம். அவங்க வேணாம்னாலும் போட்டுட்டுத்தான் வர்றோம். வளையத்துல எண்ணை வெச்சு, டக்குன்னு நிக்கற மாதிரி. நீ புதுசா மடிப்புப் பிடிச்சுத் தெச்சுடு. சரியா?"

"சரிடா" என்றேன்.

தையல்காரிகளின் தோளில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும். வேலை நடுவில் வாயில் கவ்வாமல் ரவிக்கைத் துணியில் குத்தி வைத்துக்கொள்வது. அன்றைக்கும் இருந்தது. அதில் ஒன்றை உருவினேன். ஏன் உருவினேன் என்று கேட்காதீர்கள். மருத்துவர் அறையில் அவன் இமை துடித்தது எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. பயத்தில் துடிக்கவில்லை அது. கண்ணை மூடச் சொன்னால் இந்தத் திருட்டுப்பயல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஊசி உள்ளங்கைக்கு வரும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து "ம்" என்று சொல்லியிருக்கிறான். விரலில் பொய் எடுபடாது, உள்ளங்கையிலும் தெரியவில்லை என்றால் என்ன ஆகும் என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். பிறகு இந்த எட்டு மாசத்தில், தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்டான்.

ஊசி முனையால் அவன் உள்ளங்கையை லேசாகத் தொட்டேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மாடி வீடு ஒன்றைக் காட்டி, "அந்த ரெண்டாவது ஜன்னல் சாய்ஞ்சிருக்கு பார்" என்றான். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கட்டைவிரலுக்குக் கீழே சதை திரண்டிருக்கிற இடம். கையை இழுத்துக்கொள்ளடா, "ஏய், என்ன பண்றே?" என்று கத்துடா, என்னை ஒரு அடி அடிடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் ஜன்னலின் சாய்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று தெரியவில்லை. அழுத்திவிட்டேன். ஊசி நின்றது. ஒரு பொட்டு ரத்தம் வந்து அதைச் சுற்றிக் கூடியது. அவன் குரலில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை.

எடுத்துவிட வேண்டும் என்றுதான் கையை நீட்டினேன். நீட்டிய கையை என் மடிக்கே எடுத்துக்கொண்டேன். ஒரு நிறுத்தம் போயிற்று. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். இன்னொரு நிறுத்தமும் போயிற்று. கான்கிரீட்டில் இந்த மெஷின் எப்படிப் போகும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். நான் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ என்னக்கா, பேச்சு மூச்சைக் காணோம்?" என்று சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பியவன், என் பார்வை போன இடத்தைப் பார்த்தான்.

கையை முகத்துக்கு அருகே தூக்கி அந்த ஊசியைப் பார்த்தான். பஸ் ஒரு திருப்பத்தில் திரும்பியது.

"எப்பக்கா குத்தினே?"

"இப்பத்தான்டா. இந்த நிமிஷம்தான்."

ஊசியைச் சுற்றி ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அதை அவனும் பார்த்தான். இருபத்தாறு வருஷமாக அரை விரல் சாய்வைத் தப்பவிடாத கண். அதனிடம் போய் நான் பொய் சொல்கிறேன்.

அவன் என்னைத் திட்டவில்லை. இடது கை விரல்களால் ஊசியைப் பிடுங்கப் பார்த்தான். வழுக்கியது. இரண்டாவது தடவையும் வழுக்கியது. மூன்றாவது தடவை வந்துவிட்டது. அதை என் தோளில், மற்ற ஊசிகள் இருந்த வரிசையில் குத்தி வைத்தான். நேராகத்தான் வைத்தான்.

எங்கள் நிறுத்தம் வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த பெட்டியை மெதுவாக என் பக்கம் தள்ளினான்.

"இதை நீ தூக்கிக்கோக்கா" என்றான். "நான் கீழே போட்டுடுவேன்."